சாவி எட்டடி, ஷூ நாலடி

என் மச்சினனுக்கு எங்கள் தெருவில் ‘பெரிய சைஸ்’ என்று பெயர். அதை வைத்தது நான்தான் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நானும் மறுப்பதில்லை, செய்த நல்ல காரியத்தை எதற்கு மறுக்க வேண்டும்? ஆள் ஐந்தடி மூன்று அங்குலம்தான். ஆனால் தொட்டதெல்லாம் பெரிசாக இருக்க வேண்டும். அவன் குடைக்குக் கீழே நான்கு பேர் ஒதுங்கலாம். கடைக்கு விசிட்டிங் கார்டு அடித்தான், அது எந்தச் சட்டைப் பைக்குள்ளும் நுழையவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு நாள் என் பட்டறை வாசலில் வந்து நின்று, “மாமா, கடைக்கு ஒரு போர்டு வேணும்” என்றபோதே நான் அளவு நாடாவை மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

நான் வெல்டர். கேட், கிரில், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று எது கேட்டாலும் செய்வேன். வாய்தான் கொஞ்சம் நீளம் என்பார்கள். பகல் முழுக்க முகமூடிக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், அதைக் கழற்றிய பிறகாவது பேச வேண்டாமா?

என் மனைவி சாவிக் கடை வைத்திருக்கிறாள். மாமனார் விட்டுப்போன கட்டடம். இடது பக்கம் அவளுடைய சாவிக் கடை, வலது பக்கம் அவள் தம்பி தைத்தும் விற்றும் நடத்தும் ஷூ கடை, நடுவில் ஒரு செங்கல் சுவர். அம்மா சீக்கிரமே போய்விட்ட வீடு. தம்பியைவிடப் பதினொரு வயது மூத்தவள் என்பதால் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தே வளர்ந்திருக்கிறாள். அதனால்தான் இன்றும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்கிறாள் என்று நான் சொல்வேன். அவள் முறைப்பாள். பேசுவது அவளுக்கு எப்போதுமே இரண்டாம் பட்சம். அரத்தைச் சாவியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வாள், அதற்குள் நான் ஒன்பது சொல்லியிருப்பேன்.

கட்டடம் சந்துக்குள் இருக்கிறது. பெரிய ரோட்டிலிருந்து இருபது எட்டு வைத்தால் வந்துவிடலாம். ஆனால் முனையில் இருக்கும் மருந்துக் கடையின் பக்கச் சுவர் துருத்திக்கொண்டு இரண்டு கடையையும் மறைத்துவிடும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தவர்கள் எப்படியாவது விசாரித்துக்கொண்டு என் மனைவியிடம் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. ஷூ வாங்குகிறவன் அப்படி இல்லை. கண்ணில் பட்டால்தான் வாங்குவான்.

இந்த நேரத்தில் ஊரின் அந்தக் கோடியில் புதிதாக ஒரு வணிக வளாகம் கட்டி முடித்திருந்தார்கள். அதன் மேனேஜர் என் மச்சினனைத் தேடி வந்து, ரோட்டைப் பார்த்த கடை ஒன்று தருகிறேன், மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்று சொல்லிவிட்டுப் போனார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. நேராக அக்காவிடம் போனான்.

“அக்கா, பெரிய ரோட்டுல போறவன் கண்ணுக்கு என் கடை தெரியணும். தெரிஞ்சா இங்கயே இருக்கேன். இல்லேன்னா வெள்ளிக்கிழமை அங்க சரின்னு சொல்லிடுவேன்.”

“சொல்லிக்கோ” என்றாள் அவள். அரம் நிற்கவில்லை.

அன்று வீட்டில் எனக்குச் சாப்பாடு போடும்போது இரண்டு முறை தண்ணீர் வைத்தாள், ஒரு முறை தட்டே வைக்காமல் கரண்டியோடு நின்றாள். கை கழுவப் போகும்போது பின்னாலேயே வந்து, “அந்த போர்டு நல்லா வந்துடுமில்லங்க?” என்று கேட்டாள். இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த கெஞ்சல். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவன் போகக் கூடாது. அவன் போய்விட்டால் நான் யாரைக் கிண்டல் செய்வது? மருந்துக் கடைக்காரருக்குக் காது மந்தம்.

நகராட்சி அலுவலகத்தில் கட்டடத்துக்கு ஒரே ஒரு போர்டுக்குத்தான் அனுமதி கிடைத்தது. முனைக்கு முனை பன்னிரண்டு அடிக்கு மேல் போகக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். மொட்டை மாடியில் கனம் தாங்கக்கூடிய தூணும் ஒன்றுதான், இரண்டு கடைக்கும் நடுவில். எனவே நான் யோசனை சொன்னேன். தூண் மேல் செங்குத்தாக ஒரு நட்டுக்கால், அதன் தலையில் பேரிங், அதில் பன்னிரண்டு அடி அலுமினியக் குழாய் படுக்கையாக. ஒரு முனையில் அக்காவின் சாவி, மறு முனையில் தம்பியின் ஷூ. சின்ன மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு நான்கு சுற்று சுற்றிக் காட்டும். நட்டுக்காலிலிருந்து ஏழு அடி வெளியே நீட்டினால் மருந்துக் கடைச் சுவரைத் தாண்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு போகிறதோ அவ்வளவு நேரம் பெரிய ரோட்டுக்குத் தெரியும்.

“பிரமாதம் மாமா!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “ஷூவை மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க.”

கொஞ்சம் என்ற சொல்லுக்கு அவன் அகராதியில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். சாவியை நான் மெல்லிய தகட்டில் உள்ளே வெறுமையாகச் செய்தேன். தலைப்பகுதி வட்டப் பெட்டி மாதிரி, பார்க்க அம்சமாக, பதினைந்து கிலோ. அவனோ பட்டறைக்குத் தினம் வந்து உட்கார்ந்து, கனத்த தகடுதான் வேண்டும், குதிகால் தனியாகத் தெரிய வேண்டும், லேஸ்கூட இரும்புக் கம்பியில் முறுக்க வேண்டும் என்று உயிரை வாங்கினான். எடை போட்டபோது ஷூ சரியாக முப்பது கிலோ. ஒரு சின்னக் குழந்தை அதற்குள் படுத்துத் தூங்கலாம். தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரையும் கூட்டிவந்து காட்டினான்.

இரண்டையும் குழாயில் மாட்டி, பட்டறை உத்தரத்தில் தொங்கும் செயின் கப்பியில் குழாயைத் தூக்கினேன். சங்கிலியை இங்கும் அங்கும் நகர்த்தி, குழாய் எந்த இடத்தில் சாயாமல் மட்டமாக நிற்கிறது என்று பார்த்தேன். சாவியிலிருந்து எட்டடி, ஷூவிலிருந்து நாலடி. அங்கே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன்.

பெரிய சைஸ் கோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் விரலை விட்டு எண்ணினான்.

“என்ன மாமா இது? என் பக்கம் நாலடிதான் இருக்கு?”

“கனம் இருக்கிறவன் நடுவுக்குக் கிட்ட நிப்பான்டா. லேசா இருக்கிறவன் தூரப் போவான். பதினஞ்சு கிலோவை எட்டடியால பெருக்கு, நூத்தி இருபது. முப்பதை நாலால பெருக்கு, அதுவும் நூத்தி இருபது. ரெண்டும் சமமாகிற இடத்துலதான் சுத்தணும்.”

“அப்ப ஏழடி தாண்டறது யாரு?”

“உங்க அக்கா.”

“நான்?”

“நீ நட்டுக்காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மொட்டை மாடியிலயே சுத்துவே. காக்காய் பார்க்கும்.”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் கேட்கிறதா? மேலும் சொல்லிப் புரியவைக்கலாம் என்று, பெரிய சுத்தியலை எடுத்துக் காட்டினேன். விரல் மேல் வைத்துச் சாயாமல் நிற்கும் இடத்தைத் தேடினால், அது தலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தேன். “பாரு” என்று சுத்தியலைச் சுழற்றி மேலே வீசினேன். பிடி தலைகீழாகக் கரணம் போட்டது. தலை சின்னதாக ஒரு சுற்று. வெள்ளைப் பொட்டு மட்டும் ஆடாமல் அசையாமல் ஏறி, அப்படியே இறங்கியது. பிடிப்பதில் கொஞ்சம் பிசகிவிட்டது, சுத்தியல் அவன் கொண்டுவந்திருந்த டிபன் டப்பா மேல் விழுந்தது.

“அந்தப் பொட்டைச் சுத்தித்தான் மத்ததெல்லாம் ஆடும். நாம எங்க சுத்தச் சொல்றோம்னு அது கேக்காது.”

“அது சுத்தியல்” என்றான் அவன், நசுங்கிய டப்பாவைத் தடவிக்கொண்டே. “நான் ஷூ. நடுவுல வைங்க. ஆறு இங்க, ஆறு அங்க. அதுதான் நியாயம். நீங்க உங்க பொண்டாட்டி பக்கம் பேசறீங்க மாமா.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மா சொன்னதில்லை. ஆறடி வைத்தால் ஏழடியை யாருமே தாண்ட மாட்டார்கள் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரடி வளர்ந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினேன். அவள் யோசித்துவிட்டு, “அவன் சொல்ற மாதிரியே ஒரு தடவை வைங்க. பார்த்தாத்தான் நம்புவான்” என்றாள்.

திங்கட்கிழமை காலை நடுவில் வைத்தே மாட்டினேன். அவன் கையாலேயே சுவிட்சைப் போடச் சொன்னேன். குழாய் அரைச் சுற்று போவதற்குள் நட்டுக்கால் ஷூ இருந்த பக்கம் வளைந்து குனிந்தது. ஷூ கிழக்கே போனால் தூண் கிழக்கே முனகியது, மேற்கே வந்தால் மேற்கே. கீழே சாவிக் கடையில் ஆணிகளில் தொங்கிய அத்தனை சாவியும் ஒரே நேரத்தில் கலகலவென்று பேச ஆரம்பித்தன. ஷூ கடையில் மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு ஜோடியாகக் குதித்து இறங்கின. மருந்துக் கடைக்காரரே காதில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய சைஸ் சுவிட்சை அணைத்துவிட்டு, கீழே குதித்த ஷூக்களை ஜோடி சேர்க்கப் போனான். 

சுண்ணாம்புக் கோட்டுக்கே மாற்றினேன். இப்போது வெண்ணெய் மாதிரி சுற்றியது, ஒரு முனகல் இல்லை. சாவி எட்டடி வெளியே பாய்ந்து, மருந்துக் கடைச் சுவரைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுத் திரும்பும். ஷூ மாடியிலேயே வட்டமடிக்கும். இரண்டே நாளில் பெரிய ரோட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து சாவி கேட்க ஆரம்பித்தார்கள். என் மனைவி ஒவ்வொரு முறையும் வலது பக்கக் கடையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சாவி வெட்டினாள்.

“என்னோடதை மட்டுமாவது கொஞ்சம் வேகமா சுத்த வைங்க மாமா” என்று வந்தான் அவன்.

“ஒரே குழாய்டா. வளையாது, நீளாது. நீ ஒரு சுத்து முடிக்கிற அதே நேரத்துலதான் அவளும் முடிப்பா. தூரத்துல இருக்கிறதால அவளுக்கு ஓட்டம் ஜாஸ்தி. அவ்வளவுதான்.”

“வேற வழியே இல்லையா?”

“ஏன் இல்லை? ஷூவை மெல்லிசு தகட்டுல செஞ்சு தரேன். ஏழரைக் கிலோவா குறைஞ்சா நீ எட்டடிக்குப் போயிடலாம்.”

நான் அவன் காதை அறுத்துத் தரச் சொன்ன மாதிரி பார்த்தான். ஊரையே கூட்டிக் காட்டிய ஷூ. அதைப் பாதியிலும் பாதியாக்குவதா? “காம்ப்ளெக்ஸ்ல இந்தக் கணக்கெல்லாம் கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனான். போகிற வழியில் சாவிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, வழக்கம்போல, “அக்கா, இந்தத் துருப்பிடிச்ச மியூசியத்தையாவது காலி பண்ணேன். நான் போன பிறகு என் கடையையும் சேர்த்து பூட்டாலயே நிரப்பப் போறியா?” என்றான். மியூசியம் என்றது, கடையின் பின்சுவரில் இருந்த மரத் தட்டை. மாமனார் காலத்துப் பழுதான பூட்டுகள், யாரும் திரும்ப வந்து வாங்காத பூட்டுகள், அவர் கையால் பிரித்து மூடாமல் விட்ட பூட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. அதைத் தூசி தட்டக்கூட அவள் யாரையும் விடுவதில்லை. நான் ஒரு முறை அதிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மூன்று நாள் பேச்சு வாங்கியவன், அதாவது மூன்று நாள் பேச்சே வாங்காதவன்.

அவள் அடுத்த சாவியை எடுத்து அரத்தில் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பட்டறையில் தனியாக இருந்தேன். வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது. அதை என் மனைவியே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மேலே இரண்டு சாக்கு.

“எது கனமோ அது உள்ள வரும், லேசா இருக்கிறது வெளிய போகும்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“அவன் குறைக்க மாட்டான். அப்ப நான் ஏறினா?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. சாக்கின் வாயைப் பிரித்தாள். உள்ளே பூட்டுகள். மாமனாரின் பூட்டுகள்.

“சாவியோட தலைப்பக்கம் காலியாத்தானே இருக்கு? இதையெல்லாம் உள்ள போட்டு மூடிடுங்க. எவ்வளவு வேணும்?”

நான் கணக்குப் போட்டேன். ஷூ எட்டடிக்குப் போக வேண்டுமென்றால் சாவி அறுபது கிலோ ஆக வேண்டும். இன்னும் நாற்பத்தைந்து. சாக்கை எடை போட்டால், இரண்டும் சேர்ந்து நாற்பத்தாறு.

“உன் சாவி நாலடிக்கு வந்துடும்மா. பெரிய ரோட்டுக்குத் தெரியாது.”

“பூட்டிக்கிட்டு நிக்கிறவங்க எப்படியும் வந்துடுவாங்க.”

“அது சரி. ஆனா இது உங்க அப்பா…”

“அப்பா பூட்டுதான். தம்பியும் அப்பா விட்டுட்டுப் போனதுதான்.” அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. “அவன்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா வேணாம்பான். ரோஷக்காரன்.”

ஒரே ஒரு பூட்டை மட்டும் எடுத்து முந்தானையில் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதோடு நாற்பத்தைந்து சரியாகிவிட்டது.  கிண்டலாக ஒன்று சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டேன்.

அன்றே சாவியை இறக்கிப் பூட்டுகளை உள்ளே போட்டு, மூடி வெல்டு வைத்தேன். திங்கள் காலை மாடியில் அதை மாட்டி, பிடிப்பைத் தளர்த்திக் குழாயை நகர்த்தினேன். சாவி நாலடி, ஷூ எட்டடி. பெரிய சைஸிடம், “பேரிங் மாத்தினேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் ஆயிடுச்சு” என்று சொல்லிவைத்தேன். அவன் பெரிய ரோட்டுக்கு ஓடினான். எதிர்ப்புறம் நின்று பார்த்தான், பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தான், அந்தப் பக்கம் போன சைக்கிள்காரனை நிறுத்தி அவனையும் பார்க்கவைத்தான். பிறகு திரும்பி வந்து, “நான் அப்பவே சொன்னேன்ல மாமா, பேரிங்லதான் கோளாறுன்னு” என்றான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வராததுதான் பாக்கி.

இரண்டு நாள் ஷூ கடையில் நல்ல கூட்டம். அக்காவும் மூன்று முறை வெளியே வந்து, நெற்றிக்குக் கை வைத்து, எட்டடியில் பறக்கும் ஷூவைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் கடை வாசல் பழையபடி அமைதியாகிவிட்டது. புதன்கிழமை மதியம் பெரிய சைஸ் புதிதாக வந்த ஷூ டப்பாக்களை அடுக்க இடமில்லாமல், அக்கா கடையில் இரண்டை வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். வெளியே வரும்போது டப்பாக்கள் அவன் கையிலேயே இருந்தன. என்னைக் கடந்து போனான். மாமா என்றுகூடக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, மேனேஜர் நினைப்பில் இருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். போகத்தான் போகிறான் போலிருக்கிறது என்று மனசுக்குள் கடுப்பாக வந்தது. நாற்பத்தைந்து கிலோவைப் போட்டும் இவன் போனால் நானே போய் அந்த வளாகத்தின் கேட்டை வெல்டு வைத்து மூடிவிடுவேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை கடை திறக்கிற நேரம். நான் பட்டறையில் கிரைண்டரைக் கையில் எடுத்தேன். தெருவிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சாவிகள். அத்தனை சாவியும் சேர்ந்து கலகலக்கும் சத்தம். கூடவே என் மனைவியின் குரல், “ஏங்க, ஓடி வாங்க, தூண் ஆடுது!”

ஓடினேன். குழாய் ஷூவின் பக்கம் தலை சாய்த்து, குடித்தவன் மாதிரி தள்ளாடிச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். பின்னாலேயே பெரிய சைஸும் ஏறி வந்தான். சாவியின் மூடியில் நான் வைத்த வெல்டு அப்படியே இருந்தது. ஷூவின் மேல் திறப்பில் கையை விட்டேன். குளிர்ந்த இரும்பு தட்டுப்பட்டது. ஒன்றை வெளியே எடுத்தேன். ஷூ தைக்கும்போது உள்ளே வைத்துத் தட்டும் இரும்புக் கால் அச்சு. அவன் கடையில் இருந்த அத்தனை அச்சும் உள்ளே கிடந்தன, கயிற்றில் கோத்து, ஆடாமல் கட்டி. தூக்கிப் பார்த்தேன், கச்சிதமாக முப்பது கிலோ.

எனக்கு வந்ததே கோபம். “உனக்கு என்னடா பேய் பிடிச்சிருக்கு? எட்டடிக்கு வந்தாச்சு, ஊரே பார்க்குது, இன்னமும் பெரிய சைஸ் ஆசை விடலையா? தூண் சாஞ்சு யார் தலையிலயாவது விழுந்திருந்தா?”

“கத்தாதீங்க மாமா.”

“கத்தத்தான் செய்வேன். எதுக்குடா போட்டே?”

அவன் அச்சை என் கையிலிருந்து வாங்கி, முகத்தைப் பார்க்காமல் துடைத்தான். “எது கனமோ அது உள்ள வரும்னு நீங்கதானே சொன்னீங்க? எடை போட்டா அது தானா உள்ள வந்துடும்னு நினைச்சேன். பிடிப்பைத் தளர்த்தி நகர்த்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நீ எதுக்கு உள்ள வரணும்?”

“அப்பத்தானே அக்கா சாவி வெளிய போகும்.” குரல் கம்மியது. “மியூசியம் காலியா இருக்கு மாமா. ஒரு பூட்டு இல்லை. என்கிட்ட பேரிங்னு கதை விடறீங்களா ரெண்டு பேரும்? இத்தனை வருஷம் அதைத் தொட விடாதவ, எனக்காகப் போய்…”  அச்சையே தடவிக்கொண்டு நின்றான்.

ஏணியில் சத்தம் கேட்டது. திரும்பினால் என் மனைவி. இடுப்பளவு மேலே வந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“அந்த அச்செல்லாம் இல்லாம நீ எப்படிடா வேலை செய்வே?” என்றாள்.

“அந்தப் பூட்டெல்லாம் இல்லாம நீ எப்படி இருக்கியோ அப்படி.”

“வாயைப் பாரு. இறக்குடா அதை.”

“நீ முதல்ல உன்னோடதை இறக்கு.”

“நான் மாட்டேன்.”

“நானும் மாட்டேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் குடும்பத்தில் எனக்கு மதிப்பு வந்துவிடும். தூண் இருநூறு கிலோ தாங்கும். அறுபதும் அறுபதும் நூற்றிருபது. நான் ஸ்பேனரை எடுத்துப் பிடிப்பைத் தளர்த்தினேன். இனி குழாயின் சமநிலை எங்கே என்று கப்பியில் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆறடி இங்கே, ஆறடி அங்கே. அவன் முதல் நாள் கேட்ட அதே நடு.

சுவிட்சைப் போட்டேன். துளி ஆட்டம் இல்லை. கீழே ஒரு சாவிகூட வாய் திறக்கவில்லை. மூவரும் இறங்கிப் பெரிய ரோட்டுக்குப் போய் அண்ணாந்து பார்த்தோம். ஷூ சுவருக்குப் பின்னால் வந்து ஓரடிக்கு முன்னாலேயே திரும்பியது. சாவியும் அப்படியே வந்து திரும்பியது. மருந்துக் கடைச் சுவர்தான் தெரிந்தது. நாற்பத்தைந்தில் ஆரம்பித்து நூற்றிருபது கிலோ வரை ஏற்றி, நாள் கணக்காக நான் ஏணி ஏறி இறங்கி, கடைசியில் பெரிய ரோட்டுக்கு இரண்டு பேருமே தெரியவில்லை. இதைவிடச் சிறப்பாக ஒரு வேலையை யாராலும் கெடுக்க முடியாது.

அக்கா தம்பியைப் பார்த்தாள்.  நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது மட்டும் மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாள் மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார், கையில் காகிதத்தோடு. நான் காலையிலிருந்தே சாவிக் கடை வாசலில் ஒரு கதவுக் கீலைக் கழற்றி மாட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கீலுக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே அரம் தேய்க்கும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மேனேஜர் மேலே பார்த்தார். “அடேயப்பா, ஷூ எவ்வளவு பெருசு! இதைக் கழட்டி அங்கேயே மாட்டிடலாம் தம்பி. ரோட்டைப் பார்த்த சுவர். ஊரே பார்க்கும்.”

பெரிய சைஸும் மேலே பார்த்தான். ஷூ மெல்ல வந்து, தலைக்கு மேல் கடந்து போனது. எதிர்முனையில் சாவி அதே நிதானத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.

“அதைக் கழட்ட முடியாதுங்க” என்றான்.

“ஏன், வெல்டு வெச்சிருக்கா?”

“இல்லைங்க, ரெண்டு போல்ட்டுதான். ஆனா நான் கழட்டிக்கிட்டு வந்தா, எங்க அக்கா பக்கம் சாஞ்சுடும்.”

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று கிளம்பினார். பெரிய சைஸ் அவரை முனைவரை கொண்டுபோய் விட்டான். போகிற வழியில் அவர் ஷூவின் சைஸ் என்ன என்று கேட்டுக்கொண்டது இங்குவரை கேட்டது.

உள்ளே அரத்தின் சத்தம் நின்றிருந்தது.

“ஏங்க” என்று கூப்பிட்டாள் என் மனைவி. “கண்ணுல இரும்புத்தூள் விழுந்துடுச்சு. கொஞ்சம் ஊதி விடுங்க.”

போய்ப் பார்த்தேன். ஒரே தூள் இரண்டு கண்ணிலும் எப்படி விழும் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இரண்டு கண்ணிலும் ஊதிவிட்டேன்.